மேசை மீட்டரா, கை மீட்டரா? பம்ப் செட் விவசாயிக்கு ஏற்ற மல்டிமீட்டர்

நடவு முடிந்து பத்து நாள் ஆன வயலில் தண்ணீர் வற்றக் கூடாது. அந்த நேரம் பார்த்துத்தான் பம்ப் செட் மோட்டார் புகைகிறது. காயில் கட்டும் பட்டறையில் ஏற்கனவே ஏழெட்டு மோட்டார் வரிசையில் கிடக்கும். காயில் கட்டும் கூலியைவிட, காத்திருக்கும் நாட்களில் பயிருக்கு ஏற்படும் நஷ்டமே பெரிது. மோட்டார் எரிந்த பிறகு "வோல்டேஜ் இல்லை, அதனால்தான் போய்விட்டது" என்று எல்லோரும் சொல்வார்கள். எத்தனை வோல்ட் இருந்தது, எந்த முனையில் குறைந்தது என்று கேட்டால் பதில் வராது. யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஸ்டார்ட்டர் பலகையில் தொங்கும் ஸ்குரு டிரைவர் டெஸ்டரை நம்பியே பெரும்பாலோர் மோட்டாரைப் போடுகிறார்கள். டெஸ்டரில் உள்ள நியான் விளக்கு நூறு வோல்ட் இருந்தாலே எரியும். 180 வோல்ட்டுக்கும் 240 வோல்ட்டுக்கும் அதில் வித்தியாசம் தெரியாது. மோட்டாருக்கோ அந்த வித்தியாசம் உயிர் போகும் விஷயம். ஆகவே மும்முனை மின்சாரம் வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயியிடமும் ஒரு மல்டிமீட்டர் இருப்பது நல்லது. எந்த மீட்டர் வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

மதுராந்தகம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு இந்தக் குழப்பம் சென்னையில் வந்தது. அவருடைய மகன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். மயிலாப்பூரில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாக மோட்டாரைப் போடும் கருவி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. மோட்டாருக்கு ஒரு மீட்டர் வேண்டும் என்பது தகப்பனார் எண்ணம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டராக வாங்கிவிடலாம் என்று திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தார்கள்.

அண்ணா சாலைக்குப் பின்புறம் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு என்று பின்னிக் கிடக்கும் இந்தச் சந்துகளில் கிடைக்காத எலக்ட்ரானிக்ஸ் சாமான் இல்லை. ரேடியோ உதிரி பாகம் விற்ற காலத்திலிருந்து பழுது பார்ப்பவர்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் இங்கேதான் வருகிறார்கள். மல்டிமீட்டரும் சில நூறு ரூபாய் மஞ்சள் பெட்டியிலிருந்து பல பத்தாயிரம் ரூபாய் மேசைக் கருவி வரை கிடைக்கிறது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பார்த்த மாதிரி மேசை மீட்டர்தான் வேண்டும் என்றான் மகன். "விதை நெல்லுக்கு வைத்த பணத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது வரும் போலிருக்கிறதே, தம்பி" என்றார் தகப்பனார். கடைக்காரர் இருவரையும் பார்த்துவிட்டு, "ஐயா, இதை எங்கே வைத்து அளக்கப் போகிறீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்" என்றார்.

அந்தக் கேள்விதான் சரியான கேள்வி.

வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் கருவி 1923ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அங்கே தபால் துறையில் பொறியாளராக இருந்த டொனால்டு மெக்காடி என்பவர், ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வொரு மீட்டரைத் தூக்கிக்கொண்டு அலைய அலுத்துப் போய் அதை உருவாக்கினார். முள் அசையும் அந்த மீட்டரின் வழி வந்தவற்றை இன்றும் பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் கடைகளில் பார்க்கலாம். பிறகு எண்களில் காட்டும் டிஜிட்டல் மீட்டர் வந்தது, விலையும் இறங்கியது.

மேசை மீட்டரும் கை மீட்டரும் அளப்பது ஒன்றையேதான். மேசை மீட்டர் மின்சாரத்தில் செருகி ஓடுவது. மேசையில் ஒரே இடத்தில் இருப்பது. எண்களை நுணுக்கமாகக் காட்டுவது. சாதாரணக் கை மீட்டரை மூன்றரை இலக்க மீட்டர் என்பார்கள். 1999 வரைக்கும் எண்ணும். மேசை மீட்டர்களில் ஐந்தரை, ஆறரை இலக்கம் வரை உண்டு. ஐந்து வோல்ட் பேட்டரியைக் கை மீட்டர் 4.98 என்று காட்டினால், மேசை மீட்டர் 4.98317 என்று காட்டும்.

இந்த நுணுக்கம் யாருக்குத் தேவை? வெப்பத்தை அளக்கும் பிளாட்டினம் உணர்கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பூஜ்ஜியம் டிகிரியில் அதன் தடை 100 ஓம். ஒரு டிகிரி சூடு ஏறினால் தடை 0.385 ஓம் மட்டுமே கூடும். கை மீட்டரின் இரண்டு ஒயர்களுக்கே 0.2, 0.3 ஓம் தடை இருக்கும். அதனால் கிட்டத்தட்ட ஒரு டிகிரி தவறாகிவிடும். மேசை மீட்டரில் நான்கு ஒயர் வைத்து அளக்கும் வசதி இருப்பதால் ஒயரின் தடை கணக்கில் சேராது. காயில் கட்டும் பட்டறையில் மோட்டாரின் மூன்று சுற்றுக்கும் தடை சமமாக இருக்கிறதா என்று சரிபார்க்கவும் இதே வசதி உதவும். அந்தத் தடை சில ஓம்தான் இருக்கும். நாள் முழுவதும் அளந்து கம்ப்யூட்டரில் பதிவு செய்யவும் மேசை மீட்டர் ஏற்றது. ஆய்வுக்கூடத்துக்கும், ஸ்டார்ட்டர் பலகைகளைப் பழுது பார்க்கும் கடைக்கும் அது வீண் செலவு அல்ல.

மேசை மீட்டரின் நுணுக்கத்தைக் காப்பாற்றவும் செலவு உண்டு. அதன் அளவு சரியா என்று அவ்வப்போது ஒப்பிட்டுச் சான்று வாங்க வேண்டும். மத்திய அரசின் எலக்ட்ரானிக்ஸ் சோதனை மையம் சென்னையில் திருவான்மியூரில் இருக்கிறது. தனியார் கூடங்களும் உண்டு. கட்டணம் கட்டி அங்கே கொண்டுபோகாவிட்டால், ஆறரை இலக்கத்தில் கடைசி இரண்டு இலக்கத்தை நம்புவதற்கில்லை. தராசு வாங்கினால் முத்திரை போட வேண்டும் என்பது போலத்தான் இதுவும்.

கிணற்று மேட்டில் எது?

கிணற்று மேட்டில் மேசை மீட்டர் ஏன் உதவாது என்பதற்கு விலையும் எடையும் மட்டும் காரணம் அல்ல; உயிர் பற்றிய காரணம் ஒன்று இருக்கிறது. மீட்டரின் ஒயர் செருகும் துளைகளுக்குப் பக்கத்தில் 'கேட்' என்ற ஆங்கில எழுத்துகளும், ரோமன் எண்ணில் இரண்டு அல்லது மூன்று கோடுகளும், அதன் பின் வோல்ட் அளவும் அச்சிட்டிருக்கும். சர்வதேச மின் தொழில்நுட்பக் குழுவின் பாதுகாப்புத் தரம் அது. இரண்டாம் பிரிவு என்றால் சுவரில் உள்ள பிளக்கில் செருகும் சாமான்களில் அளக்கலாம். மூன்றாம் பிரிவு என்றால் மெயின் போர்டு, மோட்டார் ஸ்டார்ட்டர் ஆகியவற்றில் அளக்கலாம். நான்காம் பிரிவு கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் வரைக்கும் பொருந்தும்.

தூரத்தில் இடி விழுந்தாலும், பக்கத்துத் தோட்டத்துப் பெரிய மோட்டாரை நிறுத்தினாலும் கம்பியில் ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ந்து வரும். மூன்றாம் பிரிவு 600 வோல்ட் மீட்டர், 6000 வோல்ட் பாய்ச்சலைத் தாங்கும்படி செய்யப்பட்டிருக்க வேண்டும். தாங்காத மீட்டரில் உள்ளே பொறி பற்றி, அளப்பவர் கையிலேயே வெடிக்கும். பல மேசை மீட்டர்களில் 'இரண்டாம் பிரிவு, 300 வோல்ட்' என்றே போட்டிருக்கிறது. நம் பம்ப் செட்டில் இரு முனைகளுக்கு நடுவே இருப்பது 415 வோல்ட். பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மீட்டர், மோட்டார் பலகையைத் தொடவே தகுதியில்லாததாகப் போய்விடும்.

சில நூறு ரூபாய் மஞ்சள் மீட்டரும் அதே காரணத்தால் ஆகாது. பத்து ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் 'பியூஸ் இல்லை' என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பதைப் பலர் படிப்பதில்லை. நேற்று ஆம்பியர் அளந்துவிட்டு ஒயரை அந்தத் துளையிலேயே விட்டு, இன்று இரண்டு முனையில் வைத்தால் அது வெறும் கம்பியால் இரு முனையையும் இணைத்ததற்குச் சமம். பியூஸ் உள்ள நல்ல மீட்டரில் பியூஸ் போகும். பியூஸ் இல்லாத மீட்டரில் கையும் முகமும் கருகும். இந்த மஞ்சள் மீட்டர் பேட்டரியில் ஓடும் சிறு சர்க்யூட்டுகளுக்கு மட்டும் சரி.

ஆகவே விவசாயி கேட்டு வாங்க வேண்டியது மூன்றாம் பிரிவு 600 வோல்ட், ஆம்பியர் துளைகளிலும் பியூஸ் உள்ள கை மீட்டர். இரண்டாயிரம் முதல் ஐந்தாயிரம் ரூபாய்க்குள் பெயர் பெற்ற கம்பெனிகளின் மீட்டர் கிடைக்கும். மீட்டரில் உள்ள பிரிவு அதன் ஒயரிலும் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகம் மாற்றும் டிரைவ் வைத்த மோட்டாருக்கு 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' என்று குறித்த மீட்டர்தான் சரியான அளவு காட்டும்.

சோலார் பம்ப் வைத்தவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2019ல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டம் வந்த பிறகு சோலார் பம்புகள் பெருகியுள்ளன. தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது வேளாண்மைப் பொறியியல் துறை. தலைமை அலுவலகம் தி.நகரை அடுத்த நந்தனத்தில் உள்ளது. பலகைக்கு 40 வோல்ட் வீதம் பதினைந்து சோலார் பலகைகளைத் தொடராக இணைத்தால் 600 வோல்ட் நேர் மின்சாரம் சேரும். காலைக் குளிரில் இன்னும் கூடும். அங்கே 1000 வோல்ட் நேர் மின்சாரம் தாங்கும் மீட்டர் வேண்டும். மோட்டார் ஓடும்போது சோலார் இணைப்பைப் பிடுங்கக் கூடாது; நேர் மின்சாரத்தின் பொறி எளிதில் அணையாது.

வாங்கிய மீட்டரால் என்ன அளப்பது?

முதலில் மோட்டாரை நிறுத்தி வைத்து சிவப்பு-மஞ்சள், மஞ்சள்-நீலம், நீலம்-சிவப்பு என்று மூன்று ஜோடி அளவு எடுக்க வேண்டும். தாழ்வழுத்த மின்சாரத்தில் ஏற்ற இறக்கம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 415க்கு அது 390 முதல் 440 வரை. பிறகு மோட்டாரைப் போட்டு அதே மூன்று அளவையும் எடுக்க வேண்டும். நிறுத்தி இருக்கும்போதே குறைவு என்றால் குற்றம் லைனிலோ டிரான்ஸ்பார்மரிலோ இருக்கும். நிறுத்தியபோது சரியாக இருந்து, ஓடும்போது மட்டும் முப்பது, நாற்பது வோல்ட் விழுந்தால் நம்முடைய ஒயர், சுவிட்சு, இணைப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனை தெரியாமல் மின் வாரியத்தோடு வீண் சண்டை போட்டவர்கள் அநேகம். குற்றம் லைனில்தான் என்றால், நாள், நேரம், மூன்று அளவு ஆகியவற்றைக் குறித்துப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். 2021ல் தொடங்கிய மின்னகத்திலும் பதியலாம். எண் இருக்கும் புகாருக்கு மதிப்பு அதிகம்.

மூன்று அளவும் தமக்குள் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்பது, மொத்த அளவைவிட முக்கியம். உதாரணமாக 412, 396, 392 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 400. அதிலிருந்து மிகவும் விலகியது 412. விலகல் 12, அதாவது 3 சதவீதம். அதை அதே எண்ணால் பெருக்கி இரட்டித்தால் வரும் 18 சதவீதம் அளவுக்கு மோட்டாரின் சூடு கூடுதலாக ஏறும் என்பது மோட்டார் பொறியாளர்கள் பின்பற்றும் கணக்கு. 5 சதவீத விலகல் என்றால் சூடு 50 சதவீதம் கூடும். அந்த நிலையில் மோட்டாரை ஓட்டவே கூடாது. மேலே சொன்ன உதாரணத்தில் குறைந்த இரண்டு ஜோடிக்கும் பொதுவானது நீலம். ஆகவே குற்றம் நீல முனையில்.

கை மீட்டரில் நான்கைந்து வோல்ட் தவறு வரலாமே என்று மகன் கேட்கலாம். வரலாம். ஆனால் ஒரே மீட்டர், ஒரே அளவுக் கட்டத்தில், ஒரே திசையில்தான் பெரும்பாலும் தவறும். மூன்றிலும் சமமாகத் தவறினால் அவற்றின் வித்தியாசம் மாறாது. இதற்கு ஆறரை இலக்கம் தேவையில்லை.

ஒரு முனை போய்விட்டதா என்று பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், போன முனையிலும் தானே வோல்டேஜை உண்டாக்கிக் கொடுக்கும். டெஸ்டர் எரியும், மீட்டரும் முந்நூறுக்கு மேல் காட்டும். மோட்டாரோ உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஆகவே முனை இருக்கிறதா என்பதை மோட்டார் நிற்கும்போது வோல்ட்டிலும், ஓடும்போது ஆம்பியரிலும் பார்க்க வேண்டும். ஆம்பியருக்கு ஒயரைக் கழற்றாமல் கவ்விப் பிடித்து அளக்கும் டாங் டெஸ்டர்தான் ஏற்றது. 5 குதிரைசக்தி மோட்டார் முனைக்கு ஏழெட்டு ஆம்பியர் எடுக்கும். ஒரு முனையில் பூஜ்ஜியமும் மற்ற இரண்டில் முக்கால் பங்கு கூடுதலும் காட்டினால் உடனே நிறுத்த வேண்டும். டாங் டெஸ்டரிலேயே வோல்ட், ஓம் அளக்கும் வகையும் உண்டு. மோட்டாருக்கு மட்டும் ஒன்றே ஒன்று வாங்குவதானால் அதையே வாங்கலாம்.

மல்டிமீட்டரால் ஆகாத வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். மோட்டார் பாடியில் கரன்ட் கசிகிறதா என்பதை ஓம் கட்டத்தில் வைத்துப் பார்த்து, 'கசிவு இல்லை' என்று முடிவு கட்டுவது ஆபத்து. மீட்டர் அதற்கு அனுப்புவது உள்ளே உள்ள பேட்டரியின் சில வோல்ட் மட்டுமே. ஈரம் இறங்கிய காயில் அதில் நல்லதாகத் தெரியும். 415 வோல்ட்டில் கசியும். அதற்கு 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும் மெக்கர்தான் வேண்டும். காயில் கட்டும் பட்டறையிலோ ஒயர்மேனிடமோ இருக்கும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் மோட்டாரைப் போடக் கூடாது.

அளக்கும்போது காலில் ரப்பர் செருப்பு, காலடியில் காய்ந்த பலகை. முடிந்தவரை ஒரு கையாலேயே வேலை. கரன்ட் இல்லை என்று மீட்டர் சொன்னால் உடனே நம்பிவிடாமல், கரன்ட் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் மீட்டரை வைத்துப் பார்த்து, பின் சந்தேக இடத்தில் வைத்து, மறுபடி தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் மீட்டரின் ஒயரே அறுந்திருக்கலாம். மின் வாரிய மீட்டருக்கு முன்னால் உள்ள எதையும் விவசாயி தொடக் கூடாது.

மகனுடைய ஆசைக்கு வருவோம். மண் ஈரக் கருவிக்கு அவன் அளக்க வேண்டியது 3.3 வோல்ட், 5 வோல்ட், சில மில்லி ஆம்பியர். கருவி தூங்கும்போது பேட்டரியிலிருந்து இழுக்கும் சில மைக்ரோ ஆம்பியர். மைக்ரோ ஆம்பியர் கட்டம் உள்ள கை மீட்டர் போதும். படிக்கிற பிள்ளைக்கு ஒரு மேசை மீட்டரைவிட இரண்டு கை மீட்டர் பயன் தரும். ஒன்றில் வோல்ட்டும் மற்றொன்றில் ஆம்பியரும் ஒரே சமயத்தில் பார்க்கலாம். கடையே வைத்துப் பழுது பார்க்கத் தொடங்கும் நாளில் மேசை மீட்டர் வாங்கிக்கொள்ளட்டும்.

மதுராந்தகத்துக்காரர் மூன்றாம் பிரிவு கை மீட்டர் ஒன்றும் டாங் டெஸ்டர் ஒன்றும் வாங்கினார். மகனுக்கு மேசை மீட்டர் இல்லை என்ற குறை முகத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து, ஒயர்மேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓடும் மோட்டாரின் அளவுகளை எடுத்தான். நீல முனையில் மட்டும் கொஞ்சம் குறைவு. அந்த முனையின் பியூஸ் கட்டைக்கு மேலும் கீழும் மீட்டரை வைத்தால் ஏறத்தாழ ஒன்றுமே காட்டக் கூடாது. 3 வோல்ட் காட்டியது. டாங் டெஸ்டரில் 8 ஆம்பியர்.

"அப்பா, மூவெட்டு இருபத்து நான்கு வாட். என்னுடைய சால்டரிங் அயன் இருபத்தைந்து வாட்தான்" என்றான்.

மெயினை நிறுத்திக் கட்டையைப் பிடுங்கினால், பித்தளை கறுத்துப் பீங்கான் வெடித்திருந்தது. புதுக் கட்டை அன்றைக்கே மாற்றினார்கள்.